மதகின்மேல் விளைந்த நெல்

மே மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. விடிந்தும் விடியாத நேரத்தில் ஆம்பூர் பேருந்து நிலையத்தில் நின்றேன். ஷூ கம்பெனி வேன்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. எங்கள் கம்பெனி வேனும் போனது. ஜன்னலோரம் இருந்த பெண்கள் என்னைப் பார்த்துக் கையாட்டினார்கள். சீசன் நேரத்தில் லீவு போட்டவளைப் பார்த்து ஆட்டிய கை அது, அதில் அன்பு கொஞ்சம்தான் இருந்திருக்கும்.

ஆம்பூரிலிருந்து வெளியூர் போகிறவர்கள் ஏலகிரிக்குப் போவார்கள், இல்லையென்றால் அமிர்திக்குப் போய் அருவியும் மானும் பார்த்துவிட்டு வருவார்கள். நான் போனது கலவைப் பக்கம், ஒரு நெல் குவியலைப் பார்க்க. என் அக்கா ராணியின் நெல் அது. கலவைக்கு அந்தண்டை, ஒரு பாறைக் குன்றின் பின்னால் இருக்கிற சின்ன ஊரில் அவளுக்கும் தேவராஜ் மாமாவுக்கும் ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து கோழியை அடுப்பில் வைத்த நேரத்தில் அக்கா போன் செய்தாள். நெல்லை அறுத்துக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டி ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறதாம். எடுக்க மாட்டேன் என்கிறார்களாம்.

"ஈரமா இருக்குதா?" என்று கேட்டேன்.

"ஈரமும் இல்ல, கருக்கா பதரும் இல்ல. கம்ப்யூட்டர்ல எங்க நெலம் ஏரிக்குள்ள இருக்குதாம். மானத்தைப் பாத்தா மழ வர்ற மாதிரி இருக்குது எஸ்தரு. ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்."

எங்கள் குடும்பத்தில் போனில் வருகிற தொல்லைகளுக்கெல்லாம் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கம்பெனியில் செக்கிங் பிரிவில் சூப்பர்வைசர் என்றால் உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் எனக்குக் கட்டுப்பட்டது என்று நினைப்பு. கோழியைக் கிளறிக்கொண்டே "வர்றேன்" என்று சொல்லித் தொலைத்தேன். கிளம்பும்போது கையில் ஒரு பெரிய பை. அதில் கம்பெனியில் லைனிங் தோல் வெட்டி மிஞ்சிய சிவப்பு ஓரப் பட்டைகள். கழிவுதான், கேட்டால் கொடுப்பார்கள். அக்கா அதைக்கொண்டுதான் நெல் மூட்டை கட்டுவாள். சணலைவிட இறுக்கமாக நிற்கும், எலி கடிக்காது என்பாள். அந்தப் பக்கத்தில் சிவப்பு வாரில் மூட்டை கட்டுகிறவள் அவள் ஒருத்திதான். ஊரில் அதற்குக் கிண்டலும் உண்டு.

வேலூருக்கு ஐம்பது கிலோமீட்டர், டிக்கெட் முப்பத்தெட்டு ரூபாய். மாதனூர் தாண்டியதும் பக்கத்து இருக்கைக்கு வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். பள்ளிகொண்டாவில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறாராம். நான் நெல் கதையைச் சொன்னதுதான் தாமதம், தன் கதையை எடுத்துவிட்டார். பாலாற்றங்கரையில் அவருடைய கிணற்றுத் தண்ணீர் உப்பு. தோல் பதனிடுகிற ஊரை ஒட்டி நிலம் இருந்தால் கிணறு எப்படி இருக்கும் என்று எங்கள் ஊரில் பச்சைக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். அந்தக் கிணற்றுக்கு மானியத்தில் சொட்டுநீர்க் குழாய் கொடுத்தார்கள். கொஞ்ச நாளிலேயே உப்பு அடைத்துச் சொட்டு நின்றுபோனது. ஆனால் குழாய் இருக்கிறதா என்று அவ்வப்போது வந்து படம் எடுக்கிறார்கள். அதனால் குழாயைச் சுருட்டி மோட்டார் கொட்டகையில் வைத்திருந்து, ஆள் வருகிற அன்றைக்கு மட்டும் விரித்துப்போடுகிறார். தண்ணீரைப் பற்றிக் கேட்டார்களா என்றேன். "அது அந்த போட்டோல தெரியாதும்மா" என்று சொல்லிவிட்டு டோல்கேட் பக்கத்தில் இறங்கிப் போய்விட்டார்.

எனக்கு அங்கேயே பாதி எரிச்சல் ஏறிவிட்டது. மீதி வேலூர்ப் புதுப் பேருந்து நிலையத்தில் ஏறியது. காலை எட்டு மணிக்கே தார் கொதித்தது. நாற்பது ரூபாய்க்கு மூன்று இட்லி வாங்கினேன். சட்னியில் தேங்காயின் நிழல்கூட விழவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்த வடநாட்டுக்காரர்கள் கோப்பும் கையுமாக வழி கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் என் பேஜாரை நானே கொஞ்சம் அடக்கிக்கொண்டேன்.

ஆற்காட்டுக்கு டவுன் பஸ், இருபத்தைந்து கிலோமீட்டர். பெண்களுக்கு இலவசம். நடத்துநர் என்னை ஒரு பார்வை பார்த்தார், இலவச டிக்கெட்டைக் கொடுத்தார், அவ்வளவுதான். பையில் எட்டிப் பார்த்த சிவப்புப் பட்டைகளைக் காட்டி "இன்னாம்மா, எந்தக் கட்சி மாநாடு?" என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போனார். நான் பெண்தானா என்று சரிபார்க்க ஆதார் கேட்கவில்லை, கைரேகை வைக்கச் சொல்லவில்லை, என்னை ஒரு மரத்தடியில் நிறுத்திப் படம் எடுக்கவில்லை. கண் இருந்தது, பார்த்தார், கொடுத்தார். அரசாங்கத்துக்கு இப்படியும் ஒரு காரியம் செய்யத் தெரிகிறது.

ஆற்காட்டில் இறங்கிக் கால் கிலோ மக்கன் பேடா வாங்கினேன், நூறு ரூபாய். மாமாவுக்குச் சர்க்கரை, சாப்பிடக் கூடாது. அவர் சாப்பிடுவார், அக்கா திட்டுவாள், அதுவும் நடக்கத்தானே வேண்டும். அங்கிருந்து கலவைக்கு இன்னொரு டவுன் பஸ், இருபது கிலோமீட்டருக்குச் சொச்சம், அதுவும் இலவசம். வழியெல்லாம் அறுத்த வயல். சாலையில் பாதியை நெல் பிடித்திருந்தது. ஓட்டுநர் ஒவ்வொரு குவியலையும் தூங்குகிற குழந்தையைச் சுற்றிப் போகிற மாதிரி ஒதுங்கிப் போனார்.

கலவை வருவதற்கு முன்பே சாலையோரம் கொள்முதல் நிலையம் வந்துவிட்டது, இறங்கிக்கொண்டேன். நிலையம் என்றால் கட்டடம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் ஒரு மேஜை, ஒரு லேப்டாப், ஒரு எடைத் தராசு. வெளியே நெல் தூற்றுகிற மிஷின். மற்றதெல்லாம் வெட்டவெளி. அதில் குவியல் குவியலாக நெல். ஒவ்வொரு குவியல் பக்கத்திலும் ஒரு கட்டில் இல்லாவிட்டால் ஒரு குடை. ஒரு குடையின் கீழே தேவராஜ் மாமா உட்கார்ந்திருந்தார். முகம் கருத்துப்போயிருந்தது.

"வந்துட்டியா எஸ்தரு. ஆம்பூர்ல பிரியாணி எடுத்துக்கினு வரலியா?" என்றார். இந்த மனிதருக்கு எந்த நேரத்தில் என்ன கேட்பது என்று எப்போதும் தெரியாது.

எழுத்தர் முப்பது வயதுப் பையன், மரியாதையான பையன்தான். அதுதான் இன்னும் எரிச்சல். முறைத்துப் பேசினால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். அவன் எழுந்துவந்து குவியலில் கையை விட்டு ஒரு பிடி நெல் எடுத்தான். ஊதினான், பதர் பறக்கவில்லை. ஒரு நெல்லைக் கடித்துப் பார்த்தான். ஈரப்பதம் பார்க்கிற கருவியை வைத்தான், அதுவும் சரி என்றது.

"முத்து மாதிரி நெல்லும்மா. இந்த யார்டுலயே இதான் நல்ல நெல்லு. ஆனா எடுக்க முடியாது" என்றான்.

லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். ஒரு வரைபடம். அதில் நீலமாக ஏரி, ஏரிக்கரை மேல் ஒரு சிவப்புப் புள்ளி. அக்காவின் பயிர் விளைந்த இடம் அதுவாம். நீர்நிலைப் புறம்போக்கில் விளைந்ததைக் கொள்முதல் செய்யக் கூடாது என்பது உத்தரவு, பதிவு செய்தாலே கணினி தள்ளிவிடுகிறது. அந்தப் புள்ளிக்கு மேலேயே ஈ மொய்த்த மாதிரி இன்னும் நிறையப் புள்ளிகள். "உங்க ஊரே ஏரிக்கரையிலதான் பயிர் வெச்சிருக்குது. மத்தவங்கல்லாம் பாத்துட்டு வியாபாரிக்குப் போட்டுட்டாங்க. சார்தான் விடாம உக்காந்துனு இருக்காரு" என்றான்.

ஒரு ஊர் முழுக்க எப்படி ஏரிக்கரைமேல் நாற்று நட முடியும் என்று கேட்டேன். அவன் மாமாவைப் பார்த்தான். மாமா தூற்றுகிற மிஷினைப் பார்த்தார்.

ஊருக்கு ஷேர் ஆட்டோவில் போனோம், ஆளுக்கு இருபது ரூபாய். நெல்லுக்குப் பக்கத்துக் குவியல்காரரைக் காவல் வைத்தோம். போகிற வழியில் மாமாவைக் குடைந்து கதையை வாங்கினேன். வாங்கிய பிறகு, வாங்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

அந்த ஊருக்குக் குன்று மறைப்பதால் சிக்னல் கிடையாது. ஏரிக்கரையில் தண்ணீர் திறந்துவிடுகிற மதகு இருக்கிறதல்லவா, அதன்மேல் ஏறி நின்றால் மட்டும் கிடைக்கும். ஊரே மதகின்மேல் ஏறித்தான் போன் பேசும். பெண் பார்க்கிற பேச்சு, சாவுச் செய்தி, கேஸ் சிலிண்டர் பதிவு எல்லாம் அங்கேதான். அக்கா எனக்குப் போன் செய்வதும் அங்கேயிருந்துதான். யாரையாவது காணோம் என்றால் "மதகுக்குப் போய்ட்டான்" என்பார்கள்.

நடவு முடிந்து பயிர் முழங்கால் உயரம் நின்றபோது, கணக்கெடுக்க ஒரு கல்லூரிப் பெண் வந்திருக்கிறாள். இந்த வயலில் இந்தப் பயிர் என்று போனில் படத்தோடு பதிய வேண்டும். வயலில் நின்று செயலியைத் திறந்தால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்ததாம். வெயிலில் வரப்பு வரப்பாக நடந்து பார்த்திருக்கிறாள். கடைசியில் கண் கலங்கிவிட்டது. சாயங்காலத்துக்குள் ஊரை முடிக்காவிட்டால் அவளுக்குத் திட்டு விழுமாம்.

"அந்தப் பொண்ணு அழுதுடுச்சு எஸ்தரு. நம்ப வூட்டுப் பொண்ணு மாதிரி இருந்துச்சு. அதான் நான் ஒரு ஐடியா சொன்னேன்" என்றார் மாமா.

ஐடியா என்னவென்றால், செயலி வயலுக்கு வராவிட்டால் வயலைச் செயலிக்குக் கொண்டுபோவது. ஆளாளுக்குத் தங்கள் வயலில் ஒரு கைப்பிடிப் பயிரை வேரோடு பிடுங்கிக்கொண்டு மதகின்மேல் வரிசையில் நின்றிருக்கிறார்கள். நெல் வைத்தவன் நெல்லோடு, வேர்க்கடலை வைத்தவன் கடலைச்செடியோடு, கரும்பு வைத்தவன் ஒரு கழியோடு. அந்தப் பெண் ஒவ்வொருவராக நிறுத்திப் படம் எடுத்திருக்கிறாள். பயிர் தெளிவாக விழ வேண்டும் என்று மாமா எல்லோரையும் சூரியனைப் பார்த்து நிற்க வைத்திருக்கிறார். முடிந்ததும் அவளுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். போனுக்குள் இருக்கிற பிசாசு பயிரை மட்டும் பார்க்கவில்லை, நிற்கிற இடத்தையும் எழுதிக்கொண்டது. அது இவர்களுக்கும் தெரியாது, அழுத பெண்ணுக்கும் தோன்றவில்லை.

சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். ஆட்டோக்காரரும் சேர்ந்து சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. "வந்த புள்ளைய அழவெச்சு அனுப்பறதா?" என்று மட்டும் கேட்டார்.

அக்காவையும் கூட்டிக்கொண்டு நானும் மாமாவும் கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்கப் போனபோது மதியம் ஆகியிருந்தது. சின்ன வயதுப் பெண், மூன்று ஊருக்குப் பொறுப்பாம். மேஜைமேல் பாதி சாப்பிட்ட தயிர்ச்சோறு. எங்களைப் பார்த்ததும் மூடியை மூடிவிட்டு உட்காரச் சொன்னார். கதையை முழுதாகக் கேட்டார். அக்காவின் நிலம் எங்கே இருக்கிறது, அதில் நெல் விளைந்தது எல்லாம் அவருக்கே தெரியும், போகும்போதும் வரும்போதும் பார்த்தவர்தான். எழுதிக்கொடுங்கள் என்றேன். எழுதிக்கொடுத்தால் செல்லாது, கணினியில் மாற்ற வேண்டும், அதை மேலே பூட்டிவிட்டார்கள் என்றார். பூட்டைத் திறக்க என்ன வழி?

"வயல்ல நின்ன பயிரோட புதுசா போட்டோ எடுத்து அனுப்பணும்மா. அப்பதான் மாத்துவாங்க."

"பயிரைத்தான் அறுத்தாச்சே."

"அதான் நானும் மேல சொன்னேன்" என்றார் அவர். "பயிர் இல்லாம எப்படி நம்பறதுன்னு கேக்கறாங்க."

குவித்துவைத்த நெல்லை மறுபடி வயலில் மிஞ்சிய அடித்தாளில் ஒட்டி நிற்கவைத்துப் படம் எடுக்கலாமா என்று கேட்டேன், கொஞ்சம் உரக்கத்தான் கேட்டேன். அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. அறுத்த தாளையாவது படம் எடுத்துக் கடிதத்தோடு அனுப்பிப் பார்க்கிறேன், ஒரு வாரமோ பத்து நாளோ ஆகும் என்றார். சொன்னபடியே எங்களோடு வயலுக்கு வந்தார். காய்ந்த தாளுக்கு நடுவே அக்காவை நிற்கவைத்தார். போனை எடுத்தார். சக்கரம் சுற்றியது. நாங்கள் நால்வரும் அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். மாமா மெல்ல "மதகாண்ட போனா..." என்று ஆரம்பித்தார். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் மீதி தாளும் பற்றியிருக்க வேண்டும். கடைசியில் அலுவலர் சாதாரணப் படமாக எடுத்துக்கொண்டு, ஆபீசில் போய் அனுப்புகிறேன் என்று வண்டியில் ஏறினார்.

எங்கள் கம்பெனியில் பெட்டிமேல் ஒட்டிய சீட்டில் ஏழாம் நம்பர் என்றும் உள்ளே எட்டாம் நம்பர் ஷூவும் இருந்தால், சீட்டைக் கிழித்துவிட்டு வேறு ஒட்டுவோம். ஷூவைக் குப்பையில் போட மாட்டோம். இதைச் செய்ய மேலே யாரும் பூட்டு திறக்க வேண்டியதில்லை. எந்த லைனிலும் நேற்றுச் சேர்ந்த பெண்ணுக்குக்கூட இது தெரியும். விவசாயிக்கு நல்ல விலை கொடுக்க வேண்டும், இடைத்தரகன் நுழையக் கூடாது, ஏரியை யாரும் வளைக்கக் கூடாது. உத்தரவுகள் எல்லாமே நல்ல உத்தரவுகள்தான், நான் மறுக்கவில்லை. சாமி வரம் கொடுத்துவிட்டார். பூசாரி கம்ப்யூட்டராகப் போய்விட்டான், அவனிடம் கெஞ்சவும் முடியாது, ஏசவும் முடியாது.

மூன்று மணிக்கு மேல் மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. காற்றில் மண் வாசனை வந்தது. ஆம்பூரில் அந்த வாசனை வந்தால் மாடித் துணியை எடுக்க ஓடுவேன், அவ்வளவுதான் எனக்கு மழை. அக்கா செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தாள். நாங்களும் பின்னால் ஓடி, வழியில் ஒரு ஆட்டோவைப் பிடித்தோம். கொள்முதல் நிலையத்தில் எல்லோரும் தார்ப்பாய்களை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அக்காவின் தார்ப்பாய் வெயிலில் இற்றுப்போய் இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது. சாலையோரம் வியாபாரியின் லாரி நின்றது. மேகம் வந்தால் அவரும் வந்துவிடுவாராம். அரசாங்க விலையைவிட மூட்டைக்கு ஐநூறு ரூபாய் குறைத்துக் கேட்டார். அதட்டிக் கேட்கவில்லை. "இஷ்டம் இருந்தா ஏத்துங்கம்மா, மழைக்கு அப்புறம் இந்த வெலையும் இருக்காது" என்று லாரிமேல் சாய்ந்துகொண்டு சொன்னார்.

கொடுக்காதே, கடிதம் போயிருக்கிறது, பத்து நாள் பொறுக்கலாம் என்று நான்தான் கத்தினேன். அக்கா குவியலைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள்.

"நீ ஊருக்குப் போய்டுவ எஸ்தரு. நனைஞ்சா மொளைச்சுடும்டி. மொளைச்சத மாடுகூட மோந்து பாக்காது" என்றாள். பிறகு மாமாவிடம் திரும்பி, "ஏத்துங்க" என்றாள்.

நான் கொண்டுபோன சிவப்புப் பட்டைகள் அப்போதுதான் வேலைக்கு வந்தன. அக்கா சாக்கைப் பிடிக்க, நான் வாரி ஊற்ற, மாமா கட்டினார். முதல் மூட்டையை மாமா தளரக் கட்டிவிட்டார் என்று அக்கா அவிழ்த்து இறுக்கிக் கட்டினாள். விற்றாகிவிட்ட நெல்லுக்கு இதெல்லாம் எதற்கு என்று வாய்வரை வந்தது, கேட்கவில்லை. லாரி தார்ப்பாயை மூடிக்கொண்டு கிளம்பியதும் மழை பிடித்துக்கொண்டது. நாங்கள் தகரக் கொட்டகையில் ஒதுங்கி நின்றோம். எழுத்தர் எங்களைப் பார்க்காமல் லேப்டாப்பைத் துணியால் மூடிக்கொண்டிருந்தான். வீட்டுக்குப் போனதும் மாமா பேடாவை இரண்டிரண்டாக எடுத்துச் சாப்பிட்டார், அக்கா திட்டவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஊருக்குத் திரும்பக் கிளம்பினேன். ஆற்காட்டுப் பேருந்து கொள்முதல் நிலையத்துக்கு எதிரில் நிற்கும், அங்கே வந்து நின்றேன். மழை விட்டு வெயில் பளிச்சென்று இருந்தது. நிலையத்தில் தூற்றுகிற மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு லாரி. கூலியாட்கள் மூட்டைகளை இறக்கி அவிழ்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அவிழ்த்த கட்டுகளைத் தரையில் வீசினார்கள். சேற்றில் சிவப்பு சிவப்பாகக் கிடந்தது. கிட்டே போய் ஒன்றை எடுத்தேன். எங்கள் கம்பெனி லைனிங் தோல்தான், இருட்டில் தடவினாலும் எனக்குத் தெரியும்.

எழுத்தரிடம் போய் இது யார் நெல் என்று கேட்டேன். பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் பெயரைச் சொன்னான். வழியில் மாமா காட்டியிருந்த ஒரு நிலத்துக்குச் சொந்தக்காரர். வேலிக்காத்தான் முள்ளைத் தவிர அதில் எதுவும் முளைத்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் அந்த இடத்தில் சிக்னல் நன்றாக வரும், ஒரு பிடிப் பயிரோடு நின்று படம் எடுத்தால் போதும்.

"நேத்து நீங்க கடிச்சுப் பாத்த நெல்லுதானே சார் இது?" என்றேன்.

அவன் கையில் இருந்த பிடி நெல்லைப் பார்த்தான். "பதிவு க்ளியரா இருக்குதும்மா. நான் வேற எதையும் பாக்கக் கூடாது" என்றான். குரலில் திமிர் இல்லை. அவனுக்கும் கண் இருந்தது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

தராசில் அக்காவின் நெல் ஏறியது, அரசாங்கச் சாக்கில் விழுந்தது, தைத்தார்கள், முத்திரை குத்தினார்கள். நேற்று வரை ஏரிக்குள் கிடந்த நெல் கரையேறிவிட்டது. அக்கா மட்டும்தான் இன்னும் ஏரிக்குள்ளேயே நிற்கிறாள்.

பேருந்தில் ஏறி உட்கார்ந்தேன். நடத்துநர் ஒரு பார்வை பார்த்து இலவச டிக்கெட்டைக் கொடுத்தார். ஆற்காடு நெருங்கும்போது போன் அடித்தது. அக்காதான், பின்னால் காற்றுச் சத்தம் கேட்டது, மதகின்மேல் நிற்கிறாள். மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினேன். லாரி, சிவப்புப் பட்டை, முள்காட்டுக்காரர் பெயர், எழுத்தர் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். கலெக்டரிடம் மனு கொடு, நானும் வருகிறேன், விடாதே என்றேன். பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று பேசினேன்.

"ராத்திரி லாரியிலயே வெச்சிருந்தானா எஸ்தரு?" என்று கேட்டாள். "நெல்லு நனையலியே?"

"நனையலக்கா" என்றேன். "காஞ்சுதான் இருந்துச்சு."

"அப்ப சரி" என்று போனை வைத்துவிட்டாள். என் கையில் அந்தச் சிவப்புப் பட்டை இருந்தது. வேலூர் வரும்வரை அதைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தேன்.